பெரியவ காலடி மண்

குமராட்சியிலிருந்து கொள்ளிடக் கரையைப் பார்த்துப் போகிற மினி பஸ்ஸில், ரஸ்தாளிக் கொல்லை பெலிசியா வீடு எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். கண்டக்டரிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "எந்தப் பெலிசியா? மரத்துகிட்ட பேசுமே, அந்தப் பெலிசியாவா?" என்று சத்தமாகக் கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைத்துவிடுவார். அந்தக் கண்டக்டர் இருதயசாமிதான் அவளுடைய வீட்டுக்காரர்.

பெலிசியா பிறந்தது கடலூர் முதுநகர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். மீனைப் பார்த்தால் எந்த வலையில் எப்போது விழுந்தது என்று சொல்லுவாள், வாழையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி வந்த வருஷம் தார் வெட்டின மரத்தை அடியோடு சாய்த்ததைப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, அடுத்த வருஷம் காய்க்கறதுக்கு மரம் வேணாமா?" என்று கேட்டாளாம். இதை இருதயசாமி இன்னமும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லாமல் விடுகிறது ஒன்று உண்டு. அவர் கை டிக்கெட் கிழிக்கிற கை. சேறு ஒட்டினால் அன்றைக்கு முழுக்க முகம் சுளித்துக்கொண்டே இருப்பார். ஆற்றுப் படுகையில் இருந்த முக்கால் ஏக்கர் வாழைக் கொல்லையைக் கட்டி ஆண்டது அந்த முதுநகர்ப் பெண்தான்.

அவள் கட்டி ஆண்ட விதமே தனி. காலையில் கொல்லைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவாள். ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டு போவாள். வளர்த்தி இல்லாத மரத்தைப் பார்த்தால், "என்னாடி, சாப்பாடு பத்தலையா, இல்ல சும்மா மூஞ்சிய தூக்கி வச்சிருக்கியா?" என்பாள். பூ தள்ளிவிட்ட மரம் என்றால் பேச்சே மாறிவிடும். அது பிள்ளைத்தாச்சி. அதன் பக்கத்தில் நின்று யாரும் கத்தக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. அதற்கு முட்டுக் கொடுக்கிற சவுக்குக் கழியைக்கூட மெதுவாக நட்டு, "பிடிச்சுக்க தாயி" என்பாள். தார் முற்றி இறங்குகிற வரைக்கும் அந்த மரத்தின் மேல் இரும்பு படக் கூடாது. ஓர் இலை அறுக்கக்கூட விடமாட்டாள். இலை வியாபாரி வந்து கேட்டால், "அதுங்க வயித்துல வச்சிருக்கற நேரம். ஒன் பொண்டாட்டிக்கு அஞ்சாம் மாசத்துல முடிய வெட்டுவியா நீ?" என்று கேட்டு அனுப்பிவிடுவாள்.

கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்த வருஷம் அந்தப் படுகையே தண்ணீருக்குள் இருந்தது. ஊர் சனமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்து, தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால் எல்லா வாழையும் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. வடகிழக்கு மூலையில், வாய்க்கால் தலைமாட்டில், ஒரே ஒரு ரஸ்தாளி மட்டும் இடுப்பு வரைக்கும் வண்டல் அப்பிக்கொண்டு நின்றுகொண்டிருந்தது. பெலிசியா அந்தச் சேற்றிலேயே முழங்கால் போட்டு அழுதாள். மாதா காப்பாற்றிக் கொடுத்த மரம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதன் அடிக்கன்றுகளை வைத்துத்தான் மறுபடியும் கொல்லையை உண்டாக்கினாள். அந்த மரத்துக்குப் பெரியவ என்று பேர் வைத்தாள்.

மகள் சகாய பிரியாவுக்கு அதில் கோபம். "வீட்டுக்கு ஒரே பொண்ணு நானு. நான்தானே பெரியவ?"

"அவதான் பெரியவ. நீ சின்னவ" என்றாள் பெலிசியா. அன்றிலிருந்து பிரியாவுக்கு வீட்டில் சின்னவ என்றே பேர் நிலைத்துவிட்டது.

பெரியவளின் தாய்மரம் தார் போட்டுச் சாய்ந்தாலும், அதே கிழங்கிலிருந்து பக்கக்கன்று எழும்பும். எந்தக் கன்று எழும்பினாலும் அதுவும் பெரியவதான். வருஷா வருஷம் அவள் போடுகிற தார் டிசம்பர் எட்டாம் தேதி அமலோற்பவ மாதா திருவிழாவுக்குக் கோயில் வாசலில் தொங்கும். பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு பழம். கோயிலுக்கு வராத வீடுகளுக்கும் பெலிசியாவே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள்.

இன்னொரு பழக்கமும் அவளாக உண்டாக்கிக்கொண்டாள். மாசியில் புதுக் கன்று நடும்போது, பெரியவ காலடியிலிருந்து ஒரு கிண்ணம் மண் எடுப்பாள். அதில் கோயில் தீர்த்தம் தெளித்து, விரலால் சிலுவை போட்டு, மாதாவுக்குச் சொல்கிற அருள்நிறை மந்திரம் ஒன்று சொல்லி, ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி போட்டுத்தான் கன்றை இறக்குவாள். வெள்ளத்தையே தாங்கின மண், அந்தத் தெம்பு மற்ற பிள்ளைகளுக்கும் வரட்டும் என்று. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இல்லை. அவளுடைய அன்பும் பக்தியும் சேர்ந்து கற்பித்த பழக்கம் அது.

பிரியாவைக் கடலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மருமகன் தங்கமான பிள்ளை. ஆனால் வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி, வேளாங்கண்ணி நடை, எல்லாம் ஆயிற்று. போன திருவிழாவின்போது பெலிசியா மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று நேர்ந்துகொண்டாள். "தாயே, சின்னவ வயித்துல ஒரு புள்ள தங்கட்டும். பெரியவ போடற அடுத்த தாரை முழுசா உன் பீடத்துலயே வச்சுடறேன்."

சித்திரையில் பிரியா போன் செய்து, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றாள். இரண்டு பேரும் மாறி மாறி அழுதார்கள். ஆவணி பிறந்தபோது பெரியவ பூ தள்ளினாள். பெலிசியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மினி பஸ்ஸில் ஏறினவள் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "ரெண்டு பேரும் முழுகாம இருக்காளுங்க" என்று சொல்லிக்கொண்டு போனாள். விசாரித்தவர்களுக்கு ஒருத்தி மகள், ஒருத்தி மரம் என்று தெரிந்தபோது இருதயசாமி விசில் ஊத மறந்து சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்திலேதான் அது வந்தது.

முதலில் கொல்லையின் வடக்குப் பாதியில் ஒரு மரத்தின் அடியிலை மஞ்சளாயிற்று. வெயில் என்று நினைத்தாள். அப்புறம் இன்னொன்று. மஞ்சளான இலைகள் காம்போடு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டினது போலத் தொங்கின. சாம்பல் சத்து பத்தவில்லை என்று சாம்பல் போட்டாள். வேப்பம்புண்ணாக்கு வைத்தாள். கண் பட்டிருக்கும் என்று இருதயசாமி சொன்னதற்கு, "நீங்க பஸ்ஸுல பேசின பேச்சுக்குப் படாம என்னா செய்யும்" என்று அவரையே திட்டினாள்.

பக்கத்துக் கொல்லை சாமிக்கண்ணு ஒருநாள் வரப்பில் நின்று பார்த்தார். அவர் இவளைத் தங்கச்சி என்பார், அதனால் இருதயசாமி அவருக்கு மச்சான். அவர் கொல்லைக்குத் தண்ணீர் இவள் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும்.

"தங்கச்சி, இது சூட்டால வந்ததுமாதிரி தெரியல. நான் வேணா வேளாண் ஆபீஸ்ல சொல்லிப் பாக்கட்டுமா?"

"பாருங்கண்ணே. எதுக்கும் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவட்டும்."

வந்தது ஒரு சின்னப் பெண். சிந்துஜா என்று பேர். ஸ்கூட்டியை மேட்டில் நிறுத்திவிட்டு, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அதிலேயே பெலிசியாவுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. மஞ்சளான மரம் ஒன்றை அடியில் வெட்டிப் பிளந்து காட்டினாள். வெள்ளையாக இருக்க வேண்டிய கிழங்கில் துருப்பிடித்த கம்பி போலச் செம்பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன.

"வாடல் நோய்மா. இது ஒரு பூஞ்சாணம். மண்ணுல இருந்துகிட்டு வேர் வழியா ஏறும். ஏறினா தண்ணி மேல போற குழாயை அடைச்சிடும். ரஸ்தாளின்னா அதுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"மருந்து?"

"வந்த மரத்துக்கு மருந்து இல்லம்மா. வராத மரத்தைக் காப்பாத்திக்கலாம்." அவள் கொல்லை முழுக்க ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து நெற்றியைச் சுருக்கினாள். "வடக்குப் பாதியில அங்கங்க இருக்கு. தெற்குப் பாதியில ஒண்ணுகூட இல்ல. அது வேற கன்னா?"

"எல்லாம் ஒரே கன்னுதான்மா. வடக்க நான் நட்டேன். நட்டு முடிக்கறதுக்குள்ள எனக்குக் காய்ச்சல் வந்து சிதம்பரத்துல ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. மீதிய அவரு நட்டாரு."

"நடும்போது வேற எடத்து மண்ணு, எரு ஏதாவது போட்டீங்களா?"

பெலிசியா பெருமையாகவே சொன்னாள். பெரியவளைப் பற்றி, வெள்ளத்தைப் பற்றி, கிண்ணத்தைப் பற்றி, சிலுவையைப் பற்றி. சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் வாடிக்கொண்டே போனது. "அந்த மரத்தைக் காட்டுங்க" என்றாள்.

பெரியவளின் அடியிலைகள் இரண்டு மஞ்சளாகியிருந்தன. வயிற்றில் வைத்திருக்கிற சோர்வு என்று பெலிசியா நினைத்திருந்தாள். சிந்துஜா தண்டின் அடியில் நீளவாக்கில் விட்டிருந்த வெடிப்பைத் தொட்டுக் காட்டினாள். "போன வருஷம் இதோட தார் எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் சிறுத்துப் போச்சு" என்றாள் பெலிசியா. குரல் இறங்கிவிட்டது. பிறகு சட்டென்று ஒரு பிடி கிடைத்தது. "அப்பிடிப் பாத்தா தெற்குப் பாதியிலயும் வரணுமே. அங்கயும் இதே மண்ணுதானே போட்டோம்? ஏங்க, போட்டீங்கதானே?"

அன்றைக்குப் பஸ்ஸை ரிப்பேருக்கு விட்டிருந்ததால் இருதயசாமியும் வரப்பில் நின்றிருந்தார். தோளில் இல்லாத சில்லறைப் பையைத் தடவினார்.

"போட்டேன்னு சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க. போட்டீங்களா?"

"கிண்ணத்தை வரப்புல வச்சிருந்தேன். ஆட்டுக்குட்டி ஒண்ணு வந்து தட்டிவுட்டுடுச்சு. மறுபடியும் அம்மாந்தூரம் நடந்துபோய் எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள பஸ் நேரம் ஆயிடுச்சு, பெலிசி."

"ஜெபமாவது சொன்னீங்களா?"

"அது சொன்னேன். ஒரு அருள்நிறை. எல்லாத்துக்கும் சேத்து."

சாமிக்கண்ணு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிந்துஜா குனிந்து பேண்ட் மடிப்பைச் சரிசெய்தாள். பெலிசியா மட்டும் சிரிக்கவில்லை. வடக்குப் பாதியைப் பார்த்தாள், தெற்குப் பாதியைப் பார்த்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பிடி என்று அந்தக் கைதான் போட்டது. திட்டுவாள் என்று காத்திருந்த இருதயசாமி, அவள் திட்டாமல் நின்றதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

சிந்துஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீங்க வேணும்னு செய்யலம்மா. வந்த மரமெல்லாம் கிழங்கோட தோண்டி, அந்தக் குழியிலேயே நெல்லு உமி கொட்டி எரிச்சு, சுண்ணாம்பு போடணும். முதல்ல இதைத் தோண்டணும். வாய்க்கால் தலைப்புல இருக்கு. தண்ணி பாயறப்பல்லாம் இங்கேர்ந்து நோயும் கூடவே போவும்."

"இது பூ தள்ளியிருக்கும்மா."

"தார் முத்தற வரைக்கும் நிக்கறதே சந்தேகம்."

"மத்ததெல்லாம் நாளைக்கே தோண்டிடறேன். இவ மட்டும் டிசம்பர் வரைக்கும் நிக்கட்டும். இவள வெட்ட முடியாது." ஏன் என்று சொன்னாள். சொல்லும்போது தன் வயிற்றைத் தொட்டுக் காட்டித்தான் மகளைப் பற்றிச் சொன்னாள். சிந்துஜா அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது மட்டும், "பூவும் காயும் சாப்பிட ஒண்ணும் செய்யாதும்மா. மண்ணும் கிழங்கும் கன்னும்தான் இந்த எடத்தை வுட்டு வெளிய போவக் கூடாது. செருப்பு, கடப்பாரை எல்லாத்தையும் பிளீச்சிங் பவுடர் தண்ணியில கழுவிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் காலையும் அப்படியே கழுவிக்கொண்டு போனாள்.

நோய் கண்ட மற்ற மரங்களைத் தோண்டி எரித்தார்கள். வடக்குப் பாதி ஓட்டைப் பல் போல ஆயிற்று. புகை வரும்போதெல்லாம் பெலிசியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவளைச் சுற்றி மண் அணைத்து வட்டமாக ஒரு வரப்புப் போட்டாள். தண்ணீர் அவள் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று. அடுத்து வந்த மழையில் அந்த வரப்பு உடைந்து, அவள் காலடித் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. மறுபடியும் அணைத்தாள்.

கோயிலுக்குப் போய் ஆன்டோ சாமியாரிடம் கேட்டாள். "நேர்ந்துக்கிட்டதை முறிச்சா பாவமா சாமி?"

சாமியார் சின்ன வயசுக்காரர், கடலூர்ப் பக்கம்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ரஸ்தாளிக்கும் பூவனுக்குமே வித்தியாசம் தெரியாதும்மா. நீங்க போய் மாதாகிட்டயே கேளுங்க. எங்களைவிட உங்ககிட்டதான் அவுங்க ஜாஸ்தி பேசுவாங்க" என்றார். கிண்டல் செய்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று பெலிசியாவுக்குப் பிடிபடவில்லை. மாதாவும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரியா கடலூரிலிருந்து வந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அம்மா சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னதும், அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"ஏம்மா, நான் என்னா வாழமரமா?"

"ஒன்ன யாருடி மரம்னா?"

"நீதான். அது பூ தள்ளினா நானும், அது சாய்ஞ்சா நானும்னு கணக்குப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க. அங்க டாக்டரம்மா ஸ்கேன் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பறாங்க. இங்க வந்தா நீ மரத்தோட இலையைப் பாத்துட்டு என் மூஞ்சியப் பாக்கற. எனக்கே பயமா இருக்கும்மா."

மகளுடைய முகத்தைத் தான் அப்படிப் பார்த்ததே பெலிசியாவுக்குத் தெரியாது. "சாப்பிடு, ஆறிடப்போவுது" என்று மட்டும் சொன்னாள். ஆனாலும் மனசு அசையவில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான். இத்தனை வருஷம் கேட்டு வாங்கின வரம். இப்போது கையை விட்டால், கொடுத்தவள் திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? அந்தப் பயம் அவளை இரும்பாக்கி வைத்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, வாய்க்காலில் தண்ணீர் திறந்த அன்று, அது சாமிக்கண்ணு கொல்லைக்குள் போகாமல் அவர் மடைக்கு முன்னாலேயே தேங்கி நின்றதைப் பார்த்தாள். போய்ப் பார்த்தால், மண் நிரப்பின சாக்குகளை அடுக்கி மடையை அடைத்திருந்தது. உள்ளே அவருடைய வாழைகள் தண்ணீர் காணாமல் இலையை மடித்துக்கொண்டு நின்றன. தூரத்துக் கைப்பம்பிலிருந்து சாமிக்கண்ணும் அவர் பெண்சாதி அமராவதியும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அமராவதிக்கு முட்டி வலி. ஒவ்வொரு குடத்துக்கும் ஒருதரம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாண்ணே, மடைய அடைச்சிட்டீங்க?"

சாமிக்கண்ணு குடத்தை இறக்கினார். "எலி வளை போட்டுடுச்சு தங்கச்சி. தண்ணி வீணாப் போவுதேன்னு..."

"எலிக்குச் சாக்குப் போட்டா அடைப்பாங்க?"

"பொய் சொல்லவும் தெரியல இந்தாளுக்கு" என்றாள் அமராவதி. "ஒங்க தண்ணியில அந்தச் சீக்கு வருமாம், அந்த ஆபீஸ்காரப் பொண்ணு சொல்லிச்சு. பெலிசியாகிட்ட போய்ச் சொல்லுய்யான்னா, சொல்லமாட்டேன்னுட்டாரு."

"நான் எந்த வாயால சொல்றது?" என்றார் சாமிக்கண்ணு, பெண்சாதியைப் பார்த்து. பிறகு இவள் பக்கம் திரும்பினார். "நீ நம்ம பிரியாவுக்காக நேர்ந்து வச்சிருக்கற மரம். அதப்போயி வெட்டுன்னு சொன்னா அது மனுஷன் பேசற பேச்சா? டிசம்பர் வரைக்கும்தானே. சமாளிச்சுக்குவோம். நீ போ தங்கச்சி, இதெல்லாம் மனசுல வச்சுக்காத."

பெலிசியா திரும்பி நடந்தாள். தன் கொல்லைக்குள் வந்து பெரியவ பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊதாப் பூ வாளிபோலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மடல் விரிந்து, அடியில் பிஞ்சுகள் வரிசையாக மேலே பார்த்துக்கொண்டிருந்தன. பெரியவளிடம் சொன்னாள்.

"ஒன்ன காப்பாத்தறேன்னு அமராவதி முட்டிய ஒடைக்கிறேன்டி நானு. மாதாவுக்குன்னு வச்ச மரத்தால அடுத்தவன் கொல்லை காஞ்சா, அந்தத் தாரை அவுங்க கையில வாங்குவாங்களா? நானா இருந்தா வாங்கமாட்டேன்."

அப்படிச் சொன்ன பிறகுதான், தான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குத் தன் வாயிலேயே பதில் வந்துவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. சாமியார் கிண்டல் செய்யவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் இருதயசாமி லீவு போட்டார். சேறு படும் என்று தெரிந்தும் அவராகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்துக்கொண்டார். சாமிக்கண்ணு சேதி கேள்விப்பட்டு ஓடிவந்து, "தங்கச்சி, எனக்காகன்னா வேணாம்" என்றார். "ஒங்களுக்காக இல்லண்ணே, எனக்குத் தூக்கம் வரணும்" என்றாள் பெலிசியா. ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மரத்தைக் கட்டிப்பிடித்து, அதன் மேல் கன்னத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். முதலில் பூவை மட்டும் கையால் ஒடித்து முந்தானையில் வாங்கிக்கொண்டாள். இரும்பு படாமல் எடுக்க முடிந்தது அது ஒன்றுதான். "ம்" என்று திரும்பி நின்றுகொண்டாள்.

மரம் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. பாய் சுருட்டி வைத்ததுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கிழங்கைத் தோண்டி வெட்டிப் பார்த்தபோது உள்ளே முழுக்கச் செம்பழுப்பாக இருந்தது. இருதயசாமி அதைக் காட்டி, "பாரு பெலிசி, டிசம்பர் வரைக்கும் இது எங்க நிக்கப்போவுது?" என்றார், ஆறுதலாக. அரைவை மில்லிலிருந்து கொண்டுவந்த உமியைக் கொட்டி மூட்டம் போட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் புகைந்தது.

அன்று கோயிலில் மாதா நவநாள் ஜெபம். பெலிசியா குளித்து, நல்ல புடவை கட்டி, அந்த ஒற்றைப் பூவை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துப் பீடத்தடியில் கொண்டுபோய் வைத்தாள். "தாரா தர்றேன்னு சொன்னேன். பூவாத்தான் தர முடிஞ்சது. கோச்சுக்கிறதுன்னா என்னைக் கோச்சுக்க. சின்னவளை ஒண்ணும் செஞ்சுடாத" என்றாள். ஆன்டோ சாமியார் அந்தப் பூவை எடுக்கச் சொல்லவில்லை. அது கருத்துச் சுருங்கும் மட்டும் அங்கேயே இருந்தது.

வடக்குப் பாதியில் மிச்சமிருந்த மரங்களையும் எடுத்துவிட்டு, பூஞ்சாணம் அடங்கட்டும் என்று அந்த வருஷம் தண்ணீர் கட்டி நெல் போட்டார்கள். தெற்குப் பாதி, இருதயசாமி சோம்பேறித்தனமாக நட்ட பாதி, ஐப்பசியில் மொத்தமாகப் பூ தள்ளியது. சாமிக்கண்ணு கொல்லையிலும் ஒரு மஞ்சள் இலை விழவில்லை. சாக்குகளை எடுத்துவிட்டு மடையைத் திறந்த அன்று அமராவதி ஒரு சொம்புத் தண்ணீரை வாய்க்காலிலிருந்து அள்ளித் தன் முட்டியில் ஊற்றிக்கொண்டு, "இப்பதான்டி நீ எனக்குத் தண்ணியா தெரியற" என்றாள்.

திருவிழா நெருங்கியது. வாசலில் கட்டத் தார் இல்லை. தெற்குப் பாதித் தார்கள் பிஞ்சு. ஆனால் பிஞ்சு பிடித்து முடிந்த தார்களின் நுனிப்பூவை ஒடித்துவிட வேண்டுமே, அவை குவிந்துவிட்டன. பெலிசியாவும் அமராவதியும் இரண்டு நாள் உட்கார்ந்து மடல் உரித்து, நரம்பு எடுத்து, நறுக்கி, கடலைப்பருப்போடு அரைத்தார்கள். பூசை முடிந்து பழத்துக்குக் கை நீட்டின ஊர் சனத்துக்கு வாழைப்பூ வடை கிடைத்தது. சுடச்சுட. பிள்ளைகள் இரண்டாவது தடவையும் வரிசையில் வந்து நின்றார்கள். "பழம் வேணாம் அத்தை, அடுத்த வருஷமும் இதையே போடுங்க" என்றது ஒன்று.

இருதயசாமி வடைத் தட்டை ஏந்திக்கொண்டு கண்டக்டர் குரலில் கூவினார். "எல்லாம் என் பாதி வடை. ஐயா நட்ட மரத்து வடை. ஆட்டுக்குட்டிக்கு நன்றி சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

"வெக்கமே இல்ல இந்த மனுஷனுக்கு" என்றாள் பெலிசியா. சொல்லிவிட்டு அவருக்கு இரண்டு வடை கூடுதலாக எடுத்து வைத்தாள். பிரியா நிறைவயிற்றோடு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, எண்ணாமல் தின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பெலிசியா அவள் முகத்தைப் பார்த்தது மகள் முகமாகத்தான்.

தை மாசம் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். பெலிசியா பிரசவ வார்டு வாசலிலேயே முழங்கால் போட்டுவிட்டாள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா, "எந்திரிம்மா, ஈரம்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவளைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள்.

மாசியில், கொல்லையின் மேற்கு ஓரமாகச் சும்மா கிடந்த துண்டில் பூவன் கன்று நட்டாள். சிந்துஜா சொல்லி, மருந்துத் தண்ணீரில் நனைத்து வாங்கிவந்த கன்று. ரஸ்தாளி இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டதுதான். ஆனாலும் முதல் குழியில் கன்றை இறக்கும்போது கை தன்னால் மடிக்குப் போயிற்று. மடியில் கிண்ணம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, வெறுங்கையைக் குழிக்கு மேலே நீட்டிச் சிலுவை போட்டாள். ஓர் அருள்நிறை சொன்னாள். அடுத்த குழிக்கு அடுத்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றே போதும் என்று வரப்பிலிருந்து இருதயசாமி சொன்னார். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கடப்பாரையையும் காலையும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தூளியில் குழந்தை விழித்துக்கொண்டு கையை ஆட்டிக்கொண்டிருந்தது. தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "என்னா பெரியவளே, பசிக்குதா?" என்றாள்.

பிரியா பாயிலிருந்து தலையைத் தூக்கினாள். "இவ பெரியவளா? அப்ப நான் யாரு?"

"நீ எப்பவும் சின்னவதான்" என்றாள் பெலிசியா.